முதலில் மீட்டர் பெட்டியைப் பாருங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூரிலிருந்து தேனி வரை சாலையோர வெல்டிங் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. வீட்டு கேட், ஜன்னல் கிரில், ட்ராக்டர் ட்ரெய்லர், ஏலக்காய் ஸ்டோருக்கான தகட்டு வேலை என எது வந்தாலும் செய்து கொடுப்பார்கள். ஆனால், "கேட்டுல மயில் வேணும், திராட்சைக் கொடி வேணும்" என்று செல்போனில் படம் காட்டிக் கேட்டால் கைவெட்டில் அந்த நேர்த்தி வராது. லேசர் கட்டிங் உள்ள இடத்துக்குத் தகட்டை அனுப்ப வேண்டும். கூலியில் பாதி அங்கேயே போய்விடும்.

கணினி காட்டும் கோட்டில் டார்ச்சை நகர்த்தித் தகட்டை வெட்டும் சி.என்.சி. பிளாஸ்மா மேசை ஒன்றைப் பட்டறையிலேயே செய்துகொள்ள முடியுமா? முடியும். உலகின் பல ஊர்களில் சிறு பட்டறைக்காரர்கள் செய்து ஓட்டுகிறார்கள். பாகங்களை எந்த வரிசையில் வாங்குகிறோம் என்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கின்றன.

காற்று கத்தியாவது எப்படி?

கேஸ் கட்டிங்கில் இரும்பு வெறுமனே உருகுவதில்லை, ஆக்சிஜனில் எரிகிறது. அப்படி எரியாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் அதற்கு மசிவதில்லை. பிளாஸ்மாவின் வழி வேறு. அழுத்தப்பட்ட காற்றை நாசிலின் சிறு துளை வழியே செலுத்தி, அதனூடே மின்வில்லைப் பாய்ச்சினால், அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து காற்றே மின்கடத்தி ஆகிவிடும். வெப்பம் 20,000 டிகிரி செல்சியஸை எட்டும். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். மின்சாரம் கடத்தும் எந்த உலோகமும் இதற்குத் தப்பாது.

அமெரிக்காவில் யூனியன் கார்பைடின் லிண்டே பிரிவைச் சேர்ந்த ராபர்ட் கேஜ் பிளாஸ்மா வெட்டு முறைக்கு 1957-இல் காப்புரிமை பெற்றார். எண்களால் இயங்கும் மில்லிங் இயந்திரத்தை எம்.ஐ.டி. 1952-லேயே இயக்கிக் காட்டியிருந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைய சி.என்.சி. பிளாஸ்மா.

மின்சாரம், காற்று

ஆர்வத்தில் மோட்டாரையும் கண்ட்ரோல் போர்டையும் முதலில் வாங்கிவிடுவோம். தொடங்க வேண்டிய இடம் மீட்டர் பெட்டி. 40 ஆம்பியர் பிளாஸ்மா கட்டர் ஒன்றுக்கே ஏறக்குறைய 5 கிலோவாட் வேண்டும். 3 எச்.பி. கம்ப்ரசர் மேலும் 2 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். த்ரீ பேஸ் இணைப்பு இல்லாமல் இரண்டையும் ஒன்றாக ஓட்டுவது வம்பு.

கட்டர் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் தடிமனை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் ஓரத்திலிருந்து கையால் வெட்டும் கணக்கு. மேசையில் தகட்டின் நடுவே துளையிட்டுத் தொடங்க வேண்டும். எனவே பெட்டியில் போட்டதில் பாதியைக் கணக்கில் வைப்பதே பத்திரம். இன்னொன்றையும் கேளுங்கள்: டார்ச் பற்றவைப்பது ஹை ஃப்ரீக்வன்ஸி முறையிலா? அந்த அலை கண்ட்ரோல் போர்டைக் குழப்பி, மோட்டாரைக் கண்டபடி ஓடவிடும். மின்முனை பின்னுக்கு நகர்ந்து பற்றும் ‘ப்ளோபேக்’ டார்ச் இருந்தால் தலைவலி குறைவு. எதுவானாலும் எர்த்திங் சரியாக இருக்க வேண்டும்.

அடுத்தது காற்று. கம்ப்ரசர் டேங்கின் அடிக்குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். காற்றின் ஈரம்தான் அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் கூடும். டார்ச்சின் செம்பு மின்முனை நுனியில் ஹாஃப்னியம் என்ற உலோகம் கடுகளவு பதிந்திருக்கும். டங்ஸ்டன் காற்றில் எரிந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. ஈரக்காற்று பட்டால் அந்தப் பொட்டு சீக்கிரம் குழிந்து, நாசிலும் கெட்டு, வெட்டு கோணலாகும். ஏர் டிரையருக்குத் தயங்கினால் அந்தப் பணம் நாசிலுக்குப் போகும். கம்ப்ரசருக்கு அலைய வேண்டியதில்லை. கோவையில் 1960-இல் தொடங்கிய எல்ஜி போன்ற நிறுவனங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன.

சட்டமும் ஓட்டமும்

2500-க்கு 1250 மி.மீ. தகடு 6 மி.மீ. தடிமனில் சுமார் 147 கிலோ. மேசையின் சட்டம் அதைத் தாங்க வேண்டும். கனத்த ஸ்கொயர் பைப்பில் செய்து, முழு வெல்டிங் வைக்குமுன் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் பிடித்துப் பாருங்கள். உள்ளளவு 2500-க்கு 1250 என்றால் இரண்டும் 2795 மி.மீ. இருக்க வேண்டும். இது பட்டறைக்காரருக்குக் கைவந்த வேலை.

ஓட்டத்துக்கு பால் ஸ்குரூ வேண்டாம். மெல்லிய தகட்டில் டார்ச் நிமிடத்துக்குச் சில மீட்டர் ஓடியாக வேண்டும். ரேக்-பினியன் போதும். 1.5 மாட்யூல், 20 பல் பினியன் ஒரு சுற்றுக்கு 94.25 மி.மீ. நகரும். மூன்றில் ஒன்றாகப் பெல்ட் போட்டுக் குறைத்து, 200 படி ஸ்டெப்பர் மோட்டாரை மாட்டினால் படிக்கு 0.16 மி.மீ. வெட்டின் அகலமே சுமார் 1.5 மி.மீ. என்பதால் இந்தத் துல்லியம் தாராளம்.

கட்டாயம் வேண்டிய பாகம் உயரக் கட்டுப்பாடு. சூடேறினால் தகடு வளையும்; டார்ச்சோ தகட்டுக்கு 1.5 மி.மீ. உயரத்திலேயே ஓட வேண்டும். உயரம் கூடினால் வில்லின் மின்னழுத்தமும் கூடும். அதை அளந்து டார்ச்சை ஏற்றி இறக்கும் கருவி இது. கடைசியாகத்தான் கணினி. லினக்ஸ் சி.என்.சி. இலவசம்; பிளாஸ்மாவுக்கெனத் தனி வசதியும் அதில் உண்டு. போர்டும் மோட்டாரும் சென்னை ரிச்சி தெரு வரை தேடினால் கிடைக்காமல் போகாது.

ஓட்டுகிறவருக்கு ஒரு நுணுக்கம். பெரும்பாலான டார்ச்சுகளில் காற்று சுழன்று இறங்குவதால், டார்ச் போகும் திசைக்கு வலப்பக்க விளிம்பே செங்குத்தாக வரும். எனவே வெளிக்கோட்டைக் கடிகாரச் சுற்றிலும், துளைகளை எதிர்ச்சுற்றிலும் வெட்ட வேண்டும்.

மேசைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி வைத்தால் புகையும் பொறியும் அடங்கும். ஆனால் தண்ணீர்மேல் அலுமினியம் வெட்டினால் ஹைட்ரஜன் சேர்ந்து வெடிக்கலாம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டின் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். கூலிங் கிளாஸ் கண்ணைக் காக்காது. வெல்டிங் கண்ணாடியே வேண்டும்.

இந்த மேசைக்கான அறிவில் பாதி பட்டறைகளில் இருக்கிறது. மின்னணுவும் நிரலும் சேர்ந்த மறுபாதி கல்லூரிகளில் இருக்கிறது. போடியில் 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி நடக்கிறது. இறுதியாண்டு புராஜெக்டைக் கடையில் வாங்கி வைக்கும் மாணவர்கள், அதற்குப் பதிலாகப் பக்கத்துப் பட்டறைக்குப் போய் இப்படி ஒரு மேசையைச் செய்து கொடுக்கலாம். மதிப்பெண்ணும் கிடைக்கும், பட்டறைக்கு ஒரு தொழிலும் கூடும்.