சிறு தொழிலின் இணையத்தளம்: பராமரிப்பும் பாதுகாப்பும்

உத்தரப் பிரதேசத்தில் புலந்த்ஷகர் மாவட்டத்தைச் சேர்ந்த குர்ஜா நகரம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்கே பத்துப்பேர் வேலை செய்யும் பட்டறை ஒன்று, தன் கோப்பைகளையும் சாடிகளையும் ஓர் இணையத்தளத்தின் வாயிலாக விற்று வருகிறது எனக் கொள்வோம். பட்டறையின் கதவு மாலையில் மூடப்படுகிறது. இணையத்தளத்திற்கு மூடும் நேரம் என்பதில்லை. நள்ளிரவில் புனேயிலிருந்து ஒருவர் விலைப்பட்டியலைப் பார்வையிடலாம். கொல்கத்தாவிலிருந்து மற்றொருவர் பணம் செலுத்தலாம். அதே வேளையில், கண்காணாத ஒருவர் அத்தளத்தின் பூட்டைச் சோதித்துப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம்.

சூளை தணிந்துவிட்டதா, கதவு தாழிடப்பட்டதா என்று உரிமையாளர் நாள்தோறும் கவனிக்கிறார். தளத்தைப் பொறுத்தவரையில், அதை அமைத்துக் கொடுத்தவருக்கு ஒருமுறை பணம் கொடுத்ததோடு வேலை தீர்ந்துவிட்டதாக எண்ணிவிடுகிறார். இத்துறையில் நேரும் நஷ்டங்கள் பலவற்றிற்கு மூலகாரணம் இவ்வெண்ணமேயாகும். இணையத்தளத்தைக் காப்பதற்குப் பெரும்பொருளோ ஆழ்ந்த விஞ்ஞான அறிவோ தேவையில்லை. அதன் உறுப்புகள் யாவை, அவை யாருடைய கையில் உள்ளன என்பதை உரிமையாளர் அறிந்திருத்தலே முதல் தேவை.

தளத்தின் உறுப்புகள்

ஜினீவா நகரின் அருகேயுள்ள ‘செர்ன்’ ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர், 1989ஆம் ஆண்டில் உலகளாவிய வலை பற்றிய திட்டத்தை வரைந்தார். அதற்கு முன்பே, 1983இல், பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் இணையத்தில் பெயர்களை வழங்கும் முறையை வகுத்திருந்தார். இன்றைய தளம் ஒவ்வொன்றும் இவ்விரு ஏற்பாடுகளையும் சார்ந்தே இயங்குகிறது.

ஒரு தளத்தில் ஐந்து உறுப்புகள் உண்டு. முதலாவது, ‘டொமைன்’ எனப்படும் தளப்பெயர். இரண்டாவது, அப்பெயரைக் கேட்டவுடன் எந்தக் கணினியை நாடவேண்டும் எனக் காட்டும் முகவரிப் பதிவு. மூன்றாவது, பக்கங்கள் தங்கியிருக்கும் ‘சர்வர்’ கணினி. நான்காவது, பக்கங்களைத் தொகுத்து வழங்கும் மென்பொருள். ஐந்தாவது, வாடிக்கையாளருக்கும் சர்வருக்கும் இடையே செல்லும் செய்திகளைப் பிறர் படிக்கவொண்ணாதபடி மறைப்பதற்கு உதவும் சான்றிதழ். பார்ப்பவர்க்கு இவையனைத்தும் ஒன்றாகவே தோன்றும். ஆயினும் இவை ஐந்தும் வெவ்வேறு நிறுவனங்களிடம் வெவ்வேறு கணக்குகளில் இருக்கக்கூடும். இவற்றுள் ஒன்று பழுதுற்றாலும் கடை மூடப்பட்டதற்கு ஒப்பாகும்.

சிறுமை காவலாகாது

“எம்முடையது சிறிய கடை, இதைத் தாக்குவதால் யாருக்கு என்ன லாபம்?” என்று கேட்போர் பலர். தாக்குபவர் கடையைத் தேர்ந்தெடுத்து வருவதாகக் கருதுவதால் எழும் கேள்வி இது. உண்மையில், தாக்குதல்களிற் பெரும்பகுதியைச் செய்வன தாமே இயங்கும் புரோகிராம்களாகும். அவை இணையத்திலுள்ள முகவரிகளை வரிசையாகத் தட்டிப்பார்த்து, குறிப்பிட்ட பலவீனம் உள்ள தளங்களைக் கண்டுபிடிக்கின்றன. கடையின் அளவு அவற்றிற்குப் பொருட்டன்று.

கைப்பற்றிய தளத்தைப் பல வகையிலும் பயன்படுத்தலாம். வங்கியின் பக்கம் போன்ற போலிப் பக்கத்தை அதன் ஒரு மூலையில் மறைத்து வைக்கலாம். வருகின்ற வாடிக்கையாளரை வேறொரு மோசடித் தளத்திற்குத் திருப்பிவிடலாம். பணம் செலுத்துவதற்காகக் காட்டப்பட்டுள்ள க்யூஆர் குறியீட்டை மாற்றி வைக்கலாம். கடைசியிற் கூறியது மிகவும் கொடிது. பொருளுக்குப் பணம் அனுப்பிய வாடிக்கையாளர் பட்டறையையே மோசக்காரன் என்று கருதுவார். பல்லாண்டுகள் சேர்த்த நாணயம் சில நாட்களில் கரைந்துவிடும். சிறு தொழிலுக்கு அதுவே பெரிய மூலதனம்.

பெயர் யாருக்கு உரியது?

தளப்பெயரை விலைக்கு வாங்கியதாகப் பேசுவது வழக்கம். ஆனால் அது குறித்த காலத்திற்குப் பதிவு செய்யப்படுவதே. தவணை முடிந்தவுடன் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் சில நாட்கள் சலுகையாக அளிக்கப்படலாம். பிறகு மீட்பதற்கு அதிகக் கட்டணம் கேட்கப்படும். அதன் பின்னர் அப்பெயரை எவரும் பதிவு செய்துகொள்ளலாம்.

இவ்விஷயத்தில் பெரிய ஸ்தாபனங்களும் தவறியதுண்டு. 1999ஆம் ஆண்டு டிசம்பரில், மைக்ரோசாப்ட் கம்பெனி தன் ‘பாஸ்போர்ட்’ தளப்பெயரைப் புதுப்பிக்க மறந்தது. அதன் விளைவாக ‘ஹாட்மெயில்’ அஞ்சலைப் பயன்படுத்திய பலர் தங்கள் கணக்கினுள் நுழைய முடியாமற் போயிற்று. கட்டணம் 35 டாலர்தான். தொடர்பற்ற புரோகிராமர் ஒருவர் அதைத் தாமே செலுத்திய பின்னர் நிலைமை சீரடைந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு ஒரு நல்லெண்ணம் படைத்தவர் உதவிக்கு வந்தார். சிறு வியாபாரிக்கு அத்தகைய அதிர்ஷ்டம் வாய்க்கும் என்று எதிர்பார்த்தல் கூடாது.

இந்தியாவில் இதைவிடக் கவனிக்கத்தக்க ஆபத்து ஒன்று உண்டு. தளத்தை அமைத்துத் தருபவர் பெயரைத் தம் கணக்கிலேயே, தம் பெயரிலேயே பதிவு செய்துவிடுவதுண்டு. பெரும்பாலும் இது வஞ்சகமன்று. வேலை எளிதாக முடியும் என்பதற்காகச் செய்வதே. ஆனால் அவர் வேறு ஊருக்குச் சென்றாலோ, கட்டணத்தைப் பற்றிப் பிணக்கு ஏற்பட்டாலோ, பட்டறையின் பெயர் பட்டறைக்கே எட்டாத பொருளாகிவிடும். ஆகவே, பதிவில் உரிமையாளரின் பெயரும், அவர் நாள்தோறும் பார்க்கும் மின்னஞ்சல் முகவரியும், தொலைபேசி எண்ணும் இருக்கின்றனவா என்று இன்றே சரிபார்த்தல் நலம். தானாகவே புதுப்பிக்கும் வசதியையும், பெயர் வேறிடத்திற்கு மாற்றப்படாதபடி தடுக்கும் பூட்டையும் பதிவு நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம்.

‘.இன்’ என முடியும் பெயர்களை இந்திய தேசிய இணைய பரிமாற்று நிலையம் 2005ஆம் ஆண்டிலிருந்து நிர்வகித்து வருகிறது. இந்திய மொழி எழுத்துகளிலும் தளப்பெயர்கள் வழங்கப்படுகின்றன; தமிழில் அவை ‘.இந்தியா’ என முடியும்.

மென்பொருளின் பழுதும் திருத்தமும்

பட்டறையின் தளம் பெரும்பாலும் ஏற்கனவே உருவாக்கப்பட்ட மென்பொருளின் மீதே அமைந்திருக்கும். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வேர்டுபிரஸ்’ இவற்றுள் மிகவும் பரவியது. உலகிலுள்ள தளங்களிற் பத்தில் நான்குக்கு மேல் அதனால் இயங்குகின்றன. இதனுடன் படிவங்கள், படத்தொகுப்பு, விற்பனை முதலியவற்றிற்காக ‘பிளகின்’ எனப்படும் துணை மென்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன.

எந்த மென்பொருளும் குற்றமற்றதன்று. குறை கண்டுபிடிக்கப்பட்டதும் ஆசிரியர்கள் திருத்தத்தை வெளியிடுகின்றனர். ஆனால் திருத்தமே குறை இருந்த இடத்தை உலகிற்குக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. அதன்பின் நடப்பது, உரிமையாளருக்கும் தாக்குபவருக்குமிடையே ஓர் ஓட்டப்பந்தயம்.

இப்பந்தயம் எவ்வளவு விரைவானது என்பதற்கு ‘துருபல்’ என்ற மென்பொருளின் அனுபவம் சான்றாகும். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி அதில் ஒரு பெருங்குறை அறிவிக்கப்பட்டுத் திருத்தமும் அளிக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்து அம்மென்பொருளின் பாதுகாப்புக் குழுவினர் வெளியிட்ட எச்சரிக்கையாவது: அறிவிப்பு வெளிவந்த 7 மணி நேரத்திற்குள் திருத்தப்படாத ஒவ்வொரு தளமும் தாக்குதலுக்கு உள்ளாகிவிட்டதாகவே கருதப்பட வேண்டும். இந்திய நேரப்படி அந்த 7 மணி நேரம் இரவு ஏறத்தாழ 9.30 மணிக்குத் தொடங்கி, விடியற்காலை 4.30 மணிக்கு முடிவடைந்தது. இங்குள்ள உரிமையாளர்கள் உறங்கி எழுவதற்குள் காலக்கெடு கடந்துவிட்டது.

இதினின்று பெறப்படும் பாடம் தெளிவானது. ஓய்வு நேரத்தில் திருத்திக்கொள்ளலாம் என்று காத்திருப்பது போதாது. திருத்தங்கள் தாமாகவே சேரும்படி ஏற்பாடு செய்தல் வேண்டும். வேர்டுபிரஸ் மென்பொருளில் சிறு பாதுகாப்புத் திருத்தங்கள் தாமே பொருந்தும் முறை 2013ஆம் ஆண்டு முதல் உள்ளது. துணை மென்பொருள்களுக்கும் இதனை இயக்கி வைக்கலாம். பயன்படாத துணை மென்பொருளை நிறுத்தி வைப்பதோடு நில்லாமல் அறவே நீக்கிவிட வேண்டும். உபயோகிக்காத கதவைத் தாழிடுவதைக் காட்டிலும் சுவர் எழுப்பி அடைத்துவிடுவது மேலன்றோ?

சாவிகளின் நிர்வாகம்

தளத்தின் கணக்குகள் அனைத்தையும் திறக்கவல்ல பெருஞ்சாவி ஒன்று உண்டு. அதுவே உரிமையாளரின் மின்னஞ்சல் கணக்கு. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று கூறினால், புதியதை அமைப்பதற்கான செய்தி மின்னஞ்சலுக்கே வருகிறது. ஆகவே அஞ்சலைக் கைப்பற்றியவர் தளப்பெயர், சர்வர் ஆகியவற்றையும் கைப்பற்றிவிட முடியும். அஞ்சல் கணக்கிற்கு வேறெங்கும் வழங்காத நீண்ட கடவுச்சொல்லும், இரண்டாம் சரிபார்ப்பு முறையும் இன்றியமையாதவை.

ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைத்தல் ஒரே சாவியால் எல்லாப் பூட்டுகளையும் திறக்கும்படி செய்வதாகும். தளத்தில் பணிபுரியும் ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு வேண்டும். படங்களை மட்டும் ஏற்றுபவருக்கு நிர்வாகியின் அதிகாரம் தேவையில்லை. ஊழியர் விலகும் நாளிலேயே அவருடைய கணக்கும் மூடப்பட வேண்டும். மேலும், “தங்கள் தளப்பெயர் இன்றோடு முடிகிறது, இங்கே பணம் செலுத்துக” என்று வரும் கடிதங்களிற் போலியானவையும் உண்டு. அத்தகைய கடிதத்திலுள்ள இணைப்பைத் தொடாமல், பதிவு நிறுவனத்தின் தளத்திற்கு நேரே சென்று பார்ப்பதே தக்கது.

நகலின் அவசியம்

2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் தேதி, பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலிருந்த ‘ஓவிஎச்’ கம்பெனியின் தகவல் மையத்தில் தீப்பற்றி ஒரு கட்டடம் முற்றிலும் அழிந்தது. இலட்சக்கணக்கான தளங்கள் அன்று மறைந்தன. காப்பு நகல்களை வேறிடத்தில் வைத்திருந்தோர் மீண்டனர். அதே இடத்தில் வைத்திருந்தோரிற் சிலர் மூலத்தையும் நகலையும் ஒருங்கே இழந்தனர்.

இக்காரணம் பற்றியே நிபுணர்கள் எளிய விதி ஒன்றைக் கூறுகின்றனர்: 3 பிரதிகள் இருத்தல் வேண்டும், அவை 2 வேறுபட்ட சாதனங்களில் இருத்தல் வேண்டும், 1 பிரதியேனும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். பட்டறையிலுள்ள தனி வட்டு ஒன்றில் வாரந்தோறும் நகல் எடுத்து, உடனே கணினியிலிருந்து கழற்றி வைத்தாலும் பெரும்பயன் உண்டு. பக்கங்களை மட்டுமின்றி, ஆர்டர்களும் வாடிக்கையாளர் விவரங்களும் அடங்கிய தகவல் தளத்தையும் நகலெடுக்க வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறையேனும் நகலிலிருந்து தளத்தை மீண்டும் எழுப்பிப் பார்த்தல் அவசியம். சோதிக்கப்படாத நகலை நம்பியிருப்பது, நீர் இருக்கிறதா என்று பாராத கிணற்றை நம்பித் தீயணைக்கப் புறப்படுவது போன்றதாம்.

சான்றிதழும் வாடிக்கையாளர் விவரங்களும்

சான்றிதழ் இல்லாத தளத்தைப் ‘பாதுகாப்பற்றது’ என்று குரோம் உலாவி 2018ஆம் ஆண்டு ஜூலை முதல் குறித்துக் காட்டுகிறது. ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்னும் லாபநோக்கற்ற அமைப்பு 2015 முதல் இதனை இலவசமாக அளித்து வருகிறது. முன்பு 398 நாட்கள் வரை செல்லுபடியான சான்றிதழ்களின் காலத்தைப் படிப்படியாகக் குறைத்து, 2029 மார்ச் முதல் 47 நாட்களாக்குவதென 2025இல் முடிவு செய்யப்பட்டது. ஆகவே இதையும் தானே புதுப்பிக்கும் ஏற்பாடு வேண்டும். சான்றிதழ் காப்பது வழியில் செல்லும் செய்தியை மட்டுமே. மென்பொருளின் குறையை அது போக்காது. விற்பவரின் நேர்மைக்கும் அது சாட்சியாகாது.

வாடிக்கையாளரின் வங்கி அட்டை எண்ணை வியாபாரிகள் சேமித்து வைத்தலை ரிசர்வ் வங்கி 2022 அக்டோபர் 1 முதல் தடை செய்துள்ளது. பணம் பெறும் வேலையை அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் விடுதலே முறை. தனிநபரின் விவரங்களைச் சேகரிப்போரின் கடமைகளை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வகுக்கிறது. தேவையற்ற விவரத்தைக் கேளாதிருத்தலே சிறந்த காப்பு. இல்லாத பொருளைத் திருட முடியாது.

தாக்குதல் நேர்ந்தபின்

தளம் கைப்பற்றப்பட்டதாக அறிந்தவுடன் அதைத் தற்காலிகமாக நிறுத்தி, சர்வர் நிறுவனத்திற்குத் தெரிவிக்க வேண்டும். மாசற்ற வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்ற வேண்டும். பதிவேடுகளை அழித்துவிடாமல் ஒரு பிரதி எடுத்துக்கொண்ட பின்னரே, தாக்குதலுக்கு முந்திய நகலிலிருந்து தளத்தை மீட்க வேண்டும். நுழைவதற்கு வழியாயிருந்த குறையைத் திருத்தாமல் திறந்தால் மீண்டும் அதுவே நிகழும். வாடிக்கையாளருக்கு உண்மையை உடனே அறிவித்தல் வெட்கத்திற்குரியதன்று. அதுவே நாணயத்தைக் காக்கும்.

2004ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் ‘செர்ட்-இன்’ என்னும் மத்திய சர்க்கார் அமைப்பு, இத்தகைய சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தனக்குத் தெரிவிக்குமாறு 2022 ஏப்ரல் 28ஆம் தேதியிட்ட உத்தரவில் நிறுவனங்களுக்குப் பணித்துள்ளது. இணையத்தளத்தைச் சிதைத்தலும் அதன் பட்டியலில் அடங்கும். பணமோசடி நிகழ்ந்திருப்பின் 1930 என்ற எண்ணிற்குத் தாமதமின்றித் தெரிவித்தால், பணம் கைமாறிப் போவதைத் தடுக்க வாய்ப்புண்டு.

இதுகாறும் கூறியவற்றைச் செயற்படுத்த அதிக நேரம் தேவைப்படாது. வாரம் ஒருமுறை நகல் எடுத்து, தளத்தை ஒரு வாடிக்கையாளரைப் போலத் திறந்து பார்த்தல். மாதம் ஒருமுறை திருத்தங்களையும் கணக்குகளையும் சரிபார்த்தல். ஆண்டிற்கு ஒருமுறை பெயர்ப்பதிவின் உரிமையைப் பார்த்தல். தளப்பெயர், சர்வர், மென்பொருள் ஆகியவை எவரிடம் உள்ளன, எந்நாளில் முடிகின்றன என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதி, பட்டறையின் உரிமப் பத்திரங்களோடு சேர்த்து வைத்தல் நன்று. அத்தாளை எழுத முற்படும்போது விடை தெரியாத கேள்வி ஒன்று எழுமாயின், பராமரிப்பு வேலையை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.