கைக்குத் தெரியும், தாளுக்குத் தெரியாது
(கற்ற கைகள் – 9)

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் கட்டிங் பிரிவை மனதில் கொண்டுவாருங்கள். மேசைமேல் ஒரு தோல் விரிகிறது. கட்டர் உடனே கத்தியை எடுப்பதில்லை. உள்ளங்கையால் ஒருமுறை தடவுகிறார், இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்க்கிறார். முதுகெலும்பை ஒட்டிய பகுதி இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் போகப்போகத் தொளதொளக்கும். ஷூவின் முகப்பான வாம்ப் முதுகுப் பக்கத்திலிருந்து வர வேண்டும். நாக்குத் துண்டுக்கு வயிறு போதும். கால்விரலிலிருந்து குதிகால் வரையான நீளவாக்கில் தோல் இழுபடக் கூடாது, அகலவாக்கில் கொஞ்சம் கொடுக்கலாம். உண்ணி கடித்த தழும்பு, வேலிமுள் கிழித்த கோடு, உரிக்கும்போது பட்ட கத்திக்காயம் எல்லாவற்றையும் அச்சுக்கு வெளியே தள்ள வேண்டும், இல்லாவிட்டால் மடிப்புக்குள் மறைய வைக்க வேண்டும். இடதுகால் துண்டும் வலதுகால் துண்டும் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தால்தான் ஜோடி ஒரே நிறத்தில் இருக்கும். ஒரு தோல் ஷூவின் அடக்கவிலையில் தோலுக்குத்தான் பெரும்பங்கு. ஆகவே ஒரு தோலில் எத்தனை ஜோடி எடுக்கிறார் என்பதில்தான் முதலாளியின் லாபமே இருக்கிறது.

அந்த மனிதரிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். ‘எட்டாவதுங்க’ என்பார். அல்லது, ‘பத்தாவது ஃபெயிலு.’

போன வாரம் தோல் ஷாப்பின், அதாவது தோல் பதனிடும் ஆலையின், சுண்ணாம்புத் தொட்டி ஓரம் நின்றோம். இந்த வாரம் பார்க்கப்போவது ஒரு தாளை: படிக்காமலே கற்ற வேலைக்கு அரசு கொடுக்கும் சான்றிதழை.

இந்த வட்டாரத்துக்கு அந்தத் தாள் ஏன் வேண்டியிருக்கிறது என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் நீளும் இந்த ஊர்கள் நெடுங்காலம் ஆவாரம்பட்டையில் ஊறவைத்த தோலைப் பாதிப் பக்குவத்தில் கப்பலேற்றிக்கொண்டிருந்தன. 1972-ல் சீதாராமையா குழு, பாதி வேலை முடிந்த தோலை விற்று என்ன கண்டோம், முழுவேலையும் இங்கேயே நடக்கட்டும் என்ற வகையில் பரிந்துரைத்தது. அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. தோல் ஷாப்புகளுக்குப் பக்கத்திலேயே ஷூ கம்பெனிகள் முளைத்தன. பெண்கள் கம்பெனி வண்டியில் ஏறி வேலைக்கு வரத் தொடங்கினார்கள். இத்தனை பேருக்கும் ஸ்கைவிங் (ஓரம் சீவுதல்), ஃபோல்டிங் (மடித்தல்), ஸ்டிச்சிங் (தைத்தல்), லாஸ்டிங் (அச்சில் ஏற்றுதல்) கற்றுக்கொடுக்க அப்போது ஊருக்குள் பள்ளிக்கூடம் எங்கே இருந்தது? பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்த அக்காதான் பள்ளிக்கூடம்.

வேலையிலேயே கற்றதை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற ஏற்பாடு இங்கேதான் நுழைகிறது. 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிச் சட்டகம் அறிவிக்கப்பட்டது. வேலைத்திறனைப் படிப்படியாக அடுக்கிய ஏணி அது. 2015-ல் தொடங்கிய பிரதமரின் கௌசல் விகாஸ் யோஜனாவில், ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கென்று தனி வழி வைத்தார்கள். தோல் துறைக்கான திறன் கவுன்சில், கட்டர், ஸ்டிச்சிங் ஆபரேட்டர், லாஸ்டிங் ஆபரேட்டர் என்று வேலைவாரியாகத் தரவரையறை எழுதியது. முகாம் போட்டு, அல்லது கம்பெனிக்குள்ளேயே, சில மணி நேர அறிமுக வகுப்பு நடக்கும். பிறகு சொல்லித்தந்தவர் அல்லாத வேறொரு மதிப்பீட்டாளர் வந்து செய்முறையும் கேள்வியும் வைப்பார். தேறியவருக்குச் சான்றிதழ். திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் கூடவே 500 ரூபாயும்.

செய்முறையில் இந்த ஊர்க்காரர்களுக்கு என்ன பயம்? சிக்கல் கேள்வியில்தான். தரவரையறை எழுதப்பட்டது புத்தக மொழியில். ‘தோலின் இழுவைத் திசையை அடையாளம் காணும் முறையை விளக்குக’ என்றால் இருபது வருட கட்டர் விழிப்பார். தோலைக் கையில் கொடுத்துவிட்டு, ‘இதுல வாம்ப் எங்கண்ணே போடுவீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள், கேள்வி முடிவதற்குள் விரல் அங்கே போய் நிற்கும். நல்ல மதிப்பீட்டாளர் இரண்டாவது மாதிரி கேட்பார். அவசரக்காரர் முதல் மாதிரி கேட்டு, பதில் வராவிட்டால் பூஜ்யம் போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுவார். என்னைக் கேட்டால், இந்தத் திட்டத்தில் முதலில் தேர்வு வைக்க வேண்டியது மதிப்பீட்டாளர்களுக்கு.

சரி, தாள் வந்துவிட்டது. கூலி ஏறுமா? இந்தக் கேள்விக்குத் தென்னாப்பிரிக்காவைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்பது நல்லது. நிறவெறி ஆட்சி கறுப்பினத் தொழிலாளிக்குத் தொழிற்கல்வியின் கதவைச் சாத்தியிருந்தது. வேலை முழுவதும் அவர் செய்வார், தகுதிப்பட்டம் மட்டும் வேறொருவருக்கு. அதனால் 1990-களில் அங்கே முன்கற்றல் அங்கீகாரத்தைக் கேட்டு நின்றதே உலோகத் தொழிலாளர் சங்கம்தான். திறன் எந்தப் படியோ கூலியும் அந்தப் படி என்பது அவர்கள் வாதம். நினைத்தபடி எல்லாம் நடந்துவிடவில்லை. ஆனால் கோரிக்கை கீழேயிருந்து, கூலியோடு முடிச்சுப் போட்டே வந்தது. நமக்கு அது மேலேயிருந்து, இத்தனை லட்சம் பேருக்குச் சான்றிதழ் என்ற இலக்காக வந்தது. கூலிப் பேச்சு வேறு மேசையில், முதலாளிக்கும் சங்கத்துக்கும் நடுவே, அது பாட்டுக்கு நடக்கிறது. தோலைத் தொடும் வேலையைச் சாதியோடு கட்டி, கைத்திறனை ‘பழக்கம்’ என்று ஒதுக்கிய நாட்டில், திறனையும் கூலியையும் சேர்க்கும் அந்த முடிச்சு இன்னும் இறுக்கமாக இருந்திருக்க வேண்டும்.

அதற்காகத் தாளைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன். மேலே படிக்க நினைப்பவருக்கு வேறு சில கதவுகளும் திறந்திருக்கின்றன. பத்தாவதில் இரண்டு பாடம் தேறி மற்றதில் விழுந்தவர், தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்தால் அந்த இரண்டையும் அப்படியே கணக்கில் வைத்துக்கொள்வார்கள், திரும்ப எழுத வேண்டாம். சில ஆண்டு வேலை அனுபவம் உள்ளவர், ஐடிஐக்குப் போகாமலே தனித்தேர்வராக அகில இந்தியத் தொழில்தேர்வு எழுதலாம். இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். 2023-ல் வந்த தேசிய கிரெடிட் சட்டகம், 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட் என்று கணக்கு வைத்து, பணி அனுபவத்துக்கும் அதில் மதிப்புக் கொடுக்க இடம் விட்டிருக்கிறது. ஆனால் முகாமில் வாங்கிய சான்றிதழும் ஐடிஐ சான்றிதழும் ஒன்றல்ல. வேலை முடிந்து களைத்து வரும் ஆளுக்கு இந்த வித்தியாசத்தை யாராவது முகாமிலேயே சொல்லிவிட்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

தனித்தேர்வர் வழியில் ஒரு தாள் கட்டாயம் கேட்பார்கள்: வேலை செய்த இடத்திலிருந்து அனுபவச் சான்று. கம்பெனி ஆளுக்கு அது கிடைத்துவிடும். கம்பெனிக்குள் கால் வைக்காமலே கம்பெனிக்கு வேலை செய்பவர்களுக்கு?

ஆம்பூரைச் சுற்றிய தெருக்களில் மத்தியான நேரம் நடந்தால் வாசற்படிகளில் பெண்களைப் பார்க்கலாம். ஏஜென்ட் கொண்டுவந்து போட்ட அப்பர் (ஷூவின் மேல்பாகம்) மூட்டை பக்கத்தில் இருக்கும். மொக்காசின் ஷூவின் மேல்மடிப்பை ஊசியும் மெழுகு நூலுமாகக் கையாலேயே தைப்பார்கள். மெஷினால் இந்த வேலைக்கு இதே முகம் வராது என்பதால்தான் மூட்டை வீடு தேடி வருகிறது. சுருக்கம் ஒரே அளவாக விழ வேண்டும், நூலின் இழுப்பு முதல் தையலிலும் கடைசித் தையலிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கூலி ஜோடிக் கணக்கு. வருகைப் பதிவேடு கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது, பி.எஃப். எண் கிடையாது. பதினைந்து வருடம் தைத்திருந்தாலும் அதற்குச் சாட்சி விரலில் ஏறிய காய்ப்பு மட்டும்தான்.

முகாம் போடுகிறவர்கள் கம்பெனி வாசலோடு நிற்காமல் இந்தத் தெருவுக்கும் வர வேண்டும். வந்தால் மேசை நாற்காலி தேடி அலைய வேண்டாம், இரண்டு அப்பரும் ஓர் ஊசியும் போதும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் விண்ணப்பத்தில் ‘தாயின் தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா? அதில் இந்தப் பெண்கள் இன்றுவரை எழுதுவது, ‘இல்லத்தரசி’.

(தொடரும்)