உங்களுக்குத் தெரியுமா? தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து

ஆடி பிறந்துவிட்டால் தியாகராய நகர் உஸ்மான் சாலையில் 'தள்ளுபடி' நேராக நிற்பதில்லை. தடித்து, வலப்பக்கம் சாய்ந்து, பின்னால் ஒரு நிழலையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அச்சுக்காரர்கள் மொழியில் இது 'போல்டு இட்டாலிக்'. அவசரத்தைக் காட்ட இதைவிட மலிவான வழி கிடையாது.

சாய்வெழுத்துக்குப் பிறந்த ஊர் வெனிஸ். ஆல்டுஸ் மனுத்தியுஸ் என்ற பதிப்பாளருக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிக் கொடுத்த எழுத்தில், ரோமானியக் கவி வர்ஜிலின் நூல் 1501இல் வெளிவந்தது. ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல அல்ல, புத்தகம் முழுக்கவே சாய்வு. அதிலும் ஒரு வேடிக்கை: சின்ன எழுத்துகள்தாம் சாய்ந்தன, பெரிய எழுத்துகள் விறைப்பாக நின்றன!

தடித்த எழுத்து அதற்குச் சுமார் மூன்றரை நூற்றாண்டு இளையது. விளம்பரத் தாள்களில் கொழுத்த எழுத்துகள் முன்பே உண்டு. ஆனால் சாதாரண எழுத்தோடு ஒரே வரியில் உட்கார்ந்து, அகராதியில் தலைச்சொல்லை எடுத்துக்காட்டும் வேலைக்கு வந்தது லண்டனில் ராபர்ட் பெஸ்லி 1845இல் வெளியிட்ட 'கிளாரெண்டன்'.

எழுத்தின் நுனியில் சின்னக் கால் வைக்கும் 'செரிஃப்' ரோமானியக் கல்வெட்டுகளின் சொத்து. நம் முன்னோர் ஓலையில் எழுத்தாணியால் கீறினார்கள்; கோடு முழுக்க ஒரே கனம். அதனால் இன்று தமிழில் 'செரிஃப்' என்று விற்கும் எழுத்துருக்களில் பெரும்பாலும் நாம் பார்ப்பது தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும் கோட்டைத்தான். காலைத் தேடினால் கிடைப்பது அரிது.

 

தீனதயாளு தெருவின் வானதி, தணிகாசலம் சாலையின் மணிமேகலைப் பிரசுரம் என்று தி.நகர் பதிப்பகங்களுக்குப் பேர்போன இடம். ஈய எழுத்துக் காலத்துத் தமிழ்ப் புத்தகம் எதையாவது புரட்டுங்கள்: அழுத்தம் வேண்டிய இடத்தில் தடித்த எழுத்து இருக்கும், இல்லாவிட்டால் மேற்கோள் குறி. சாய்வு அபூர்வம். காரணம் பணம்தான். கு, சு, து, மு என்று ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டிய மொழி இது; சாய்வுக்கென்று இன்னொரு முழு செட் ஈயம் வாங்கினால் கட்டுப்படியாகுமா? பெரியார் 1935இல் தொடங்கிவைத்து, 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கிய சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை போன்றவற்றின் 13 பழைய வடிவங்களைக் கழித்தது. கம்பாசிட்டர்களுக்கு அது பெரிய நிம்மதி.

ஆங்கிலத்தின் முதல் சின்ன எழுத்து, இட்டாலிக்கில் இரண்டடுக்கை விட்டு ஓரடுக்காக உருமாறும். நம் 'அ' அப்படியேதான் இருக்கிறது, சரிகிறது, அவ்வளவே. எழுத்துருவில் சாய்வு இல்லையென்றால் கணினியே பிடித்துச் சாய்த்துவிடும். கொம்பும் சுழியும் பக்கத்து எழுத்தில் முட்டுவது அப்போதுதான்.

அறிவியல் பெயர்கள் ரோமன் எழுத்தில் சாய்வாகவே அச்சாக வேண்டும். வேம்பின் 'அசாடிராக்டா இண்டிகா' தடித்த தலைப்பில் வந்தால் தடித்த சாய்வு. வாக்கியம் முழுவதுமே சாய்வாக இருந்தால்? பெயர் மட்டும் நிமிர்ந்துகொள்ளும்.

கூகுள் இலவசமாகத் தரும் 'நோட்டோ செரிஃப் தமிழ்' எழுத்துருவில் மெலிந்ததிலிருந்து மிகத் தடித்ததுவரை 9 கனங்கள், ஒவ்வொன்றுக்கும் சாய்வு வடிவமும் உண்டு. அடுத்த ஆடிக்கு ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுக்கும்போது அதைக் கேட்டு வாங்கலாம்.