நேபாளத்தில் மின்சார கார்: மானியம் இல்லை, வரிதான்

மின்சார வண்டி பற்றிப் பேச்சு வந்தாலே "பணக்கார நாட்டுக்குத்தான் சரிப்படும்"னு ஒரு பதில் வரும். நானும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன், நேபாளக் கணக்கைப் பார்க்கிற வரைக்கும். இன்னைக்கு அங்கே புதுசா இறக்குமதியாகும் கார்களில் பாதிக்கு மேல் மின்சாரக் கார்கள்.

பின்னணி தெரியணும். நேபாளத்தில் எண்ணெய் கிடையாது. பெட்ரோல், டீசல் எல்லாம் இந்தியா வழியாகத்தான் போகணும். 2015 கடைசியில் எல்லையில் சரக்குப் போக்குவரத்து மாசக்கணக்கில் முடங்கி, காத்மாண்டு பங்குகளில் நாள்கணக்கில் வரிசை நின்றது. ஆனால் ஆறுகள் நிறைய. ஒரு காலத்தில் தினமும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த நாடு, 456 மெகாவாட் அப்பர் தாமாகோசி போன்ற நீர்மின் நிலையங்கள் வந்தபிறகு மழைக்காலத்தில் மிச்ச மின்சாரத்தை இந்தியாவுக்கு விற்குது.

சரி, மின்சாரம் இருந்தால் மட்டும் ஜனங்க வாங்கிடுவாங்களா? இங்கேதான் எனக்குப் பிடிச்ச இடம். இந்தியாவில் ஃபேம் திட்டம் 2015-ல் மானியமாக ஆரம்பிச்சது. நேபாள அரசிடம் அப்படிக் கொடுக்கப் பணம் இல்லை. ஆனா பெட்ரோல் கார் மேல் எல்லா வரியும் சேர்த்தால் காரின் அடக்கவிலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேலேயே போகும். மின்சாரக் காருக்கு மட்டும் அதைக் குறைச்சாங்க. ஒரு ரூபாய் கொடுக்காமலேயே விலை வித்தியாசம் வந்துடுச்சு.

இது வரியால்தான் நடந்ததுன்னு எப்படிச் சொல்றது? 2020 பட்ஜெட்டில் 10 சதவீத சுங்கவரியை 80 ஆக்கினாங்க, கலால் வரி வேற. அடுத்த வருஷ பட்ஜெட்டில் மறுபடி இறக்கினாங்க. அதுக்கப்புறம்தான் இறக்குமதி ஏறிக்கிட்டே போச்சு. எங்க வேலையில் ஒரு செட்டிங்கை ஆன், ஆஃப் பண்ணிப் பார்ப்போமே, அந்த மாதிரி. வரி மோட்டாரின் கிலோவாட் அளவைப் பொறுத்து படிப்படியா ஏறும். அதனால அந்த வரம்புக்குள்ள அடங்குற மாடல்களைத்தான் இறக்குமதியாளர்கள் தேடிப் பிடிச்சாங்க. நம்ம ஆட்களும் இதையேதான் செய்வாங்க!

ஒரு சிக்கல் இருக்கு. அரசின் வருமானத்தில் வண்டி இறக்குமதி வரி பெரிய துண்டு. பெட்ரோல் கார் குறைய குறைய அந்த வருமானமும் கரையும். அதனாலதான் மின்சாரக் கார் வரியைச் சமீப வருஷங்களில் மெதுவா ஏத்த ஆரம்பிச்சிருக்காங்க. ரொம்ப வேகமா ஏத்தினால் 2020 திரும்பி வரும். இன்னொண்ணு, கார் வாங்குறவங்க வசதியானவங்க. மத்தவங்க ஏறுறது மின்சார மைக்ரோ வேன்களிலும், 1990-களில் இருந்தே காத்மாண்டுவில் ஓடும் சஃபா டெம்போக்களிலும்தான். அந்த மூணு சக்கர வண்டிகள் பேட்டரியில் ஓடுறவை, நிறையப் பெண்கள் ஓட்டுறாங்க. இந்த வரிக் கதை அவங்க டிக்கெட் விலையில் எவ்வளவு இறங்குதுங்கிறதுதான் நான் அடுத்து பார்க்கப் போறது.