நடுவர் கையிலுள்ள பத்து மதிப்பெண்



எங்கள் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து திரும்பும் இளைஞர் சிலர் மாலையில் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்வதுண்டு. அவர்களுள் என்னிடம் பயின்றோரும் உளர். அண்மையில் அவர்களிடையே ஒரு வாதம் எழுந்தது. நடுவர் தீர்ப்பால் எழும் பூசல் குத்துச்சண்டையில் மிகுதியா, அன்றி எம்.எம்.ஏ. என வழங்கும் கலப்புச் சண்டையில் மிகுதியா என்பதே வாதம். "ஐயா, எத்தனையோ விடைத்தாள் திருத்தியவர் நீங்கள், நீங்களே சொல்லுங்கள்" என்றான் ஒருவன்.

அவன் என்னைக் கேட்டது பொருத்தமே. இரு விளையாட்டிலும் நடுவர் செய்வது விடைத்தாள் திருத்தும் வேலைதான். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மேம்பட்டவருக்குப் பத்து மதிப்பெண், மற்றவருக்கு ஒன்பது. பெரிதும் தாழ்ந்தவருக்கு எட்டு. பிறகு கூட்டல். கணக்கு விடைத்தாளை நால்வர் திருத்தினாலும் மதிப்பெண் மாறாது. கட்டுரையை நால்வர் திருத்தினால் நான்கு மதிப்பெண் வரும். சண்டை கட்டுரையைச் சேர்ந்தது.

கூட்டல் முறையே மயக்கம் தருவதும் உண்டு. 2021-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் மேரி கோம், கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவை எதிர்த்தார். நடுவர் ஐவர். முதற் சுற்றில் நால்வர் வலென்சியா பக்கம். இரண்டாம் சுற்றிலும் மூன்றாம் சுற்றிலும் மும்மூவர் மேரி பக்கம். மூன்றில் இரண்டு சுற்றுகள் மேரிக்கு. எனினும் முடிவு 3-2 என வலென்சியாவுக்கு! தாம் வென்றதாகவே எண்ணி மேரி கையை உயர்த்தினார். இதில் சூதொன்றும் தேவையில்லை. ஒவ்வொரு நடுவரும் தம் தாளைத் தனியே கூட்டுகிறார். மேரிக்கு விழுந்த வாக்குகள் ஏழு. அவற்றுள் ஐந்து இரண்டு நடுவர் தாளிலேயே குவிந்துவிட்டால், ஏனைய மூவர் தாளில் எஞ்சுவன இரண்டே. அவ்விரண்டும் ஒரே தாளில் விழாதவரை அம்மூவரும் வலென்சியாவுக்கே வெற்றி எழுதுவர். கரும்பலகையில் ஐந்து கட்டம் போட்டுப் பார்த்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

எல்லாப் பூசலும் இப்படிக் கணக்கில் முடிவதில்லை. 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்துகளைப் பதித்தார். கொரியாவின் பார்க் சி-ஹுன் பதித்தவை 32 என எண்ணிக் கூறினர். தங்கமோ 3-2 எனப் பார்க்குக்கு. அதே போட்டிகளின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரருக்குரிய கோப்பையை ஜோன்ஸுக்கு அளித்தனர் என்பதைக் கேட்டால் சிரிப்பு வரும். அதன் விளைவாக 1992-இல் பொறி வந்தது. ஐவரில் மூவர் ஒரே வினாடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் குத்து கணக்கில் ஏறும். கண்ணுக்குப் பளிச்செனத் தெரியும் ஒற்றைக் குத்து ஏறிற்று. விலாவில் விழுந்த நல்ல அடி ஏறவில்லை. வீரர்கள் சண்டையை விட்டுத் தொட்டு ஓடப் பழகினர். 2013-இல் பொறியை நீக்கிப் பத்து மதிப்பெண் முறைக்கு மாறினர்.

அடுத்த ஆண்டே, கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், மணிப்பூரின் சரிதா தேவி அரையிறுதியில் பார்க் ஜி-னா என்ற கொரியப் பெண்ணிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. நடுவர் மூவரும் ஒருமுகமாகப் பார்க் பக்கம். பார்த்தோரில் பலர் சரிதாவே வென்றார் என எண்ணினர். முறையீட்டுக்குரிய 500 டாலரைத் திரட்டிக் கட்டினர்; நடுவர் தீர்ப்பின்மேல் முறையீடு இல்லையென்று அது தள்ளப்பட்டது. நம் ஊர்ப் பள்ளி மாணவனுக்குக்கூட மறுகூட்டல் கேட்க வழியுண்டு. பரிசளிப்பு மேடையில் சரிதா தம் வெண்கலத்தைப் பார்க்கின் கழுத்திலேயே அணிவித்துவிட்டு அழுதார். கிடைத்தது ஓராண்டுத் தடை. மேடையில் அவர் செய்தது முறையன்று என்று நானும் சொல்வேன். ஆனால் வேறெங்கே போய்ச் சொல்வார்? 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் தீர்ப்புகள் திரிக்கப்பட்டன என்று 2021-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறியது.

இனிக் கலப்புச் சண்டைக்கு வருவோம். குத்து, உதை, மற்போர் அனைத்தும் அதில் உண்டு. எதிராளி வலி தாளாது கையால் தட்டினாலோ மயங்கினாலோ அங்கேயே சண்டை முடியும். நடுவர் தாள் பிரிக்கப்படுவதே இல்லை. முடியாதபோதுதான் தொல்லை. பத்து மதிப்பெண் முறையை அவர்கள் குத்துச்சண்டையிலிருந்தே இரவல் வாங்கினர். ஒருத்தி நான்கு நல்ல குத்து விடுகிறாள். மற்றவள் அவளைத் தூக்கித் தரையில் வீழ்த்தி அழுத்திப் பிடிக்கிறாள். எது பெரிது? நெல்லையும் திராட்சையையும் ஒரே மரக்காலில் அளக்கச் சொல்வது போன்றது இது. அன்றியும், பட்டத்துக்கல்லாத சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூன்றே சுற்று. தொழில்முறைக் குத்துச்சண்டையில் பன்னிரண்டு சுற்று வரை உண்டாதலால் ஒரு சுற்றில் நேர்ந்த பிழை கரைந்துபோகும். இங்கே ஒரு சுற்று தவறினால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று.

ஆகவே என் விடை இது: நேர்மையின்மையால் விளைந்த பழி குத்துச்சண்டைக்கே மிகுதி; நேர்மையாளரிடையேயும் எழும் கருத்து வேறுபாடு கலப்புச் சண்டைக்கு மிகுதி.

இளைஞர்களுக்கு இது முழுதும் பிடிக்கவில்லை. சரிதாவுக்காக அவர்கள் கொதித்தனர். அப்போது அவர்கள் மெச்சும் பூஜா தோமரை நினைவூட்டினேன். 2024 ஜூன் திங்களில் அமெரிக்காவில், யு.எப்.சி. மேடையில் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். பிரேசிலின் ரயான் டோஸ் சான்டோஸுக்கு எதிரான அச்சண்டையில் ஒரு நடுவர் மூன்று சுற்றையும் பூஜாவுக்கே தந்து 30-27 என எழுதினார். இன்னொருவர் மூன்று சுற்றையும் பிரேசில் பெண்ணுக்கே தந்தார். மூன்றாமவர் 29-28 எனப் பூஜா பக்கம். அந்த மூன்றாமவர் ஒரே ஒரு சுற்றை வேறு விதமாகக் கண்டிருந்தால்? "அன்று பிரேசிலில் ஏதேனும் ஒரு திண்ணையில் என்ன பேசியிருப்பார்கள்?" என்று கேட்டேன்.

விடை வரவில்லை. வழக்கமாக உரக்கப் பேசுபவன் மட்டும் கைப்பேசியை எடுத்து அச்சண்டையை முதலிலிருந்து ஓடவிட்டான். கூட்டத்தின் ஆரவாரம் காதில் விழாதபடி ஒலியை அடைத்துவிட்டு, ஒரு துண்டுத் தாளும் என் பேனாவும் கேட்டு வாங்கிக்கொண்டான்.