ஐந்தைக் கண்டவர் யார்?

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒன்று முதல் நூறு வரை மனப்பாடமாக ஒப்பிக்கிறான். ஆனால் ஐந்தும் மூன்றும் எத்தனை என்று கேட்டால் விழிக்கிறான். உடனே, "மண்டையில் ஒன்றுமில்லை" என்று குட்டிவிடுகிறோம். குட்டுவதற்கு முன் சற்றே யோசித்துப் பாருங்கள். ஐந்து மங்குகளைப் பார்த்திருக்கிறோம். ஐந்து விரல்களைப் பார்த்திருக்கிறோம். 'ஐந்து' என்பதை மட்டும் தனியே யாராவது கண்ணால் கண்டதுண்டா?

நமது கோலா கங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கும் பழைய ரப்பர் மரத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். 1877இல் இங்கு நடப்பட்ட கன்றுகளில் மிஞ்சியது அது. அதன் பருத்த அடிமரமும், தோட்டத்து நிரையில் நிற்கும் இளமரமும் பார்வைக்கு ஒன்றுபோல் இல்லை. ஆயினும் இரண்டையும் 'பால்மரம்' என்கிறோம். கண் காட்டியது தனித்தனி மரங்களை. வேறுபாடுகளை ஒதுக்கி, பொதுவானதைப் பற்றிக்கொண்டு பெயர் சூட்டியது மனம்.

இதை நம் முன்னோர் நுணுகி ஆராய்ந்திருக்கிறார்கள். சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள், பௌத்தரின் அளவை நெறியை மணிமேகலைக்கு விளக்குகிறார். புலன் நேரே உணர்வது மட்டுமே காட்சி. பெயர், இனம், குணம், செயல் என்று பகுத்தறிவது கருத்தின் வேலை என்பது அங்கே சொல்லப்படும் கொள்கை.

சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே (1896–1980) குழந்தைகளிடமே இதைச் சோதித்தார். நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். புளியங்கொட்டைகளை ஆறாறாக இரண்டு வரிசையில் நேருக்கு நேர் வையுங்கள். இரண்டும் சமம் என்று பிள்ளை சொன்ன பிறகு, ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்புங்கள். நான்கைந்து வயதுப் பிள்ளைகளில் பலர், "இதில்தான் அதிகம்" என்பார்கள். கண்ணுக்கு நீளம் தெரிகிறது. எண்ணிக்கை இன்னும் மனத்தில் நிலைக்கவில்லை. பெரும்பாலும் ஆறேழு வயதில் அதே பிள்ளை, "பரப்பி வைத்தால் கூடிவிடுமா?" என்று நம்மையே திருப்பிக் கேட்கும்.

ஆகவே, முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு எண்ணை வெறும் எழுத்தாகக் காட்டாதீர்கள். முதலில் கொட்டைகளை எண்ணிக் கையில் எடுக்கட்டும். பிறகு ஐந்து வட்டம் வரையட்டும். அதன் பின் 5 என்று எழுதட்டும். கரண்டி, சட்டைப் பொத்தான், கைதட்டல் என்று மாற்றி மாற்றி எண்ணச் சொல்லுங்கள். பொருள் மாறினாலும் மாறாமல் நிற்பது எதுவென்று மனம் தானே கண்டுகொள்ளும்.

ரப்பர்க் கன்றை நட்டவுடன் யாரும் கத்தி வைப்பதில்லை. மரம் பருக்கும் வரை ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்கிறோம். அந்தப் பொறுமையை நம் பிள்ளைகளுக்கும் தருவோம்.