காமராஜர் கணக்கும் போர்மேன் பெயரும்

1954 ஏப்ரலில் முதல்வரான காமராஜர் அமைச்சரவை அமைத்தபோது கட்சிக்காரர்களே திகைத்தார்கள். சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குத் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவருக்குத் துணை நின்ற எம். பக்தவத்சலத்தையும் அழைத்துக்கொண்டார். முதல்வரையும் சேர்த்து மொத்தமே எட்டுப் பேர். அதில் நிதியும் கல்வியும் சி.எஸ். கைக்குப் போயின. நல்ல பெயர் விளையக்கூடிய துறையைத் தூக்கிப் போட்டியாளரிடம் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

இன்று பள்ளிக்கூடம், மதிய உணவு என்றதும் காமராஜர் பெயர்தான் முதலில் வாயில் வருகிறது. நியாயம்தான். ஆனால் அந்த வேலையைத் தோளில் சுமந்தவர்களில் முக்கியமானவர் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. 1956இல் தொடங்கிய மதிய உணவு முதலில் ஊர்மக்களின் நன்கொடையை நம்பித்தான் நடந்தது. அரசின் பணம் பின்னால் வந்தது. அதன்பின் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். கட்டடம், பெஞ்சு, கரும்பலகை என்று ஊர்க்காரர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். அந்த மேடைகளில் முதல்வரே போய் உட்கார்ந்தார். அவர் வந்தால்தான் கொடுக்கிற கை தாராளமாகும் என்பது அவருக்குத் தெரியும். திட்டத்தை வகுத்து நடத்தும் வேலையை அதிகாரியிடமே விட்டுவைத்தார். 1961இல் சுந்தரவடிவேலுவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பதவியில் இருக்கும்போதே ஓர் அதிகாரியின் பெயர் அப்படி வெளியே தெரிந்ததால் முதல்வரின் பெயர் ஒரு துளியும் மங்கவில்லை.

‘எனக்கு எதுக்குப் பேரு’ என்று ஒதுங்கி நிற்கும் மேலாளர்களை நாம் பெருந்தன்மைக்காரர்கள் என்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேலிடத்தில் முகம் தெரியாத தலைவரால் தன் ஆட்களுக்காக எதையும் கேட்டு வாங்க முடியாது. காமராஜர் ஒதுங்கவில்லை. எந்த இடத்தில் தம் முகம் தெரிந்தால் காரியம் நடக்கும் என்று பார்த்து அங்கே நின்றார்.

இதைச் சிவகாசிப் பக்கம் கொண்டுபோய் யோசித்தால் விஷயம் இன்னும் கனக்கிறது. 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரையும் சண்முக நாடாரையும் ஊர் மறக்கவில்லை. தீப்பெட்டிக்குப் பின் அங்கே வளர்ந்த பட்டாசுத் தொழிலிலும் பெட்டியில் கம்பெனி பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது. மருந்து கலந்தவர், திரி வைத்தவர், சரம் பின்னியவர் பெயர் எங்கும் இல்லை. வெடிவிபத்து நடந்தால் மட்டும் பெயர்கள் வெளியே வருகின்றன: இறந்தவர்கள் பட்டியலில் தொழிலாளர்கள், வழக்கில் பலமுறை, வேலையை மேற்பார்க்கும் போர்மேன்.

அந்தப் போர்மேனின் ஒரு நாளைப் பாருங்கள். அறைக்குள் கால் வைக்குமுன் ஒவ்வொருவரும் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்னூட்டத்தை இறக்க வேண்டும். நைலான் துணி கூடாது. அறைக்கு இத்தனை பேர்தான் என்ற கணக்கு மீறக் கூடாது. கலந்த மருந்து அன்றைக்கே தீர வேண்டும். மிச்சத்தை ராத்திரி வைத்திருந்தால் ஆபத்து. இத்தனையும் சரியாக நடந்த நாளில் செய்தியாக ஒன்றுமே நடக்காது. அதனால் பாராட்டும் கிடையாது. பீஸ்ரேட் கூலியில் கை நின்றால் காசு நிற்கும். அப்படியிருந்தும் மே மாத வெயிலில் ஓர் அம்மா கையை எடுத்துவிட்டு, “அண்ணாச்சி, மருந்து சூடா இருக்கு, இப்ப வேண்டாம்” என்று சொல்லி, போர்மேனும் வேலையை நிறுத்தச் சொன்னால் அன்றைக்கு நாலு உயிர் தப்பியிருக்கலாம். ஆபீஸுக்குப் போகும் கணக்கில் அது உற்பத்தி குறைவு என்றுதான் பதிவாகும்.

ஏன் குறைந்தது என்று முதலாளி கேட்கும்போது, “நிறுத்தச் சொன்னது நான்” என்று போர்மேன் முன்னால் வர வேண்டும். தீபாவளி போனஸ் பேசும்போது அந்த அம்மாவின் பெயரை, ஏன் நிறுத்தினார் என்ற காரணத்தோடு, முதலாளி காதில் போட வேண்டியதும் அவர்தான்.